போரடியம்மனுக்குக் கற்பூரம் ஆகாது

என் வீட்டுக்காரர் மோகன்குமாரைச் சோம்பேறி என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். விடிவதற்கு முன்னால் எழுந்து கழனிக்குப் போவார், மடை திருப்புவார், மாட்டைக் குளிப்பாட்டுவார். ஆனால் செய்து முடித்த வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்குப் பூராவும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். இந்த வருஷம் எங்கள் தெருவில் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கடைசித் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. கடைசியாக இருப்பது எல்லம்மாள் அக்காவின் கீற்றுக் குடிசை. அதைத் தாண்டி ஒற்றையடிப் பாதை, பாதைக்கு அந்தப் பக்கம் ஏரி. ஏரி என்று சொல்வதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான். பங்குனி பிறந்துவிட்டால் தண்ணீர் நின்ற உள்வாய் முழுக்கக் கோரையும் புல்லும் காய்ந்து சருகாகக் கிடக்கும். ஒரு தீக்குச்சி விழுந்தால் போதும்.

இந்த லட்சணத்தில் அவர் போட்ட வைக்கோல்போர் எங்கள் வீட்டுக்கும் அக்கா குடிசைக்கும் நடுவில், பாதையை ஒட்டி நின்றது. அழகான போர், அதை நான் மறுக்கவில்லை. இப்போது எல்லாரும் மிஷின் வைத்து உருளை உருளையாகக் கட்டி எடுத்துப் போகிறார்கள். இவர் மட்டும் உதறி, அடுக்கி, உச்சியில் கூம்பு வைத்து, எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காதபடி போடுவார். அடுத்த அறுவடை வரைக்கும் எங்கள் இரண்டு மாடுகளுக்கும் அதுதான் சோறு. மாடு கறந்தால்தான் எங்களுக்குச் சோறு.

போன வருஷம் பக்கத்து ஊரில் இப்படி ஒரு போர் பற்றிக்கொண்டு மூன்று வீடு எரிந்துபோனது. நெருப்பு யார் வீட்டிலிருந்து வந்தது, யார் பொறுப்பு என்ற சண்டையில் அந்த ஊரே இன்னும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. அதனால் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு உத்திரமேரூரிலிருந்து ஒரு ஃபயர் சர்வீஸ் ஆபீசரைக் கூப்பிட்டு வந்தார்கள். வீட்டைச் சுற்றி முப்பது அடிக்குக் காய்ந்தது எதுவும் கிடக்கக்கூடாது, வைக்கோலை வீட்டை ஒட்டி வைக்கக்கூடாது, காற்று அடிக்கிற நேரத்தில் அறுத்த கழனியில் நிற்கிற அடித்தாளைக் கொளுத்தக்கூடாது என்று அந்த மனுஷன் பொறுமையாகச் சொன்னார். அவர் போனபிறகு தலைவர் முத்துகிருஷ்ணன் எழுந்தார்.

"இதோ பாருங்கப்பா, அந்த ஊர் பேஜாரு நமக்கு வாணாம். இனிமே யார் எடத்துலேர்ந்து நெருப்பு கெளம்புதோ, அந்த வூட்டுக்காரன்தான் பொறுப்பு. எரிஞ்ச வூட்ட அவன்தான் கட்டிக் குடுக்கணும். சம்மதம்னா கைய தூக்குங்க."

முதல் கை என் வீட்டுக்காரருடையது. கூட்டம் என்றால் முதலில் கை தூக்குவதில் அவருக்கு ஒரு பெருமை. எதற்குத் தூக்குகிறோம் என்பதையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

மறுநாள் காலையிலேயே எல்லம்மாள் அக்கா வாசலில் வந்து நின்றாள். புருஷன் போய், பெண்ணைக் கட்டிக் கொடுத்து, தனியாக இருக்கிறவள். வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம்.

"இன்னா மோகனு, கைய தூக்கினியே, போர எப்ப நகத்தப் போற? எம் மேல்கூர கீத்துதான்டா. ஒரு பொறி வுழுந்தா எலும்புகூடத் தேறாது."

"நகத்திடலாம்க்கா, நகத்திடலாம்" என்றார் இவர். அவள் போனதும் என் பக்கம் திரும்பினார். "போர நகத்தறதுன்னா இன்னான்னு நெனச்சிகினு கீறா இவ? பிரிச்சா மறுபடி அந்த கூம்பு வருமா?"

"கூம்பு வராட்டி போவுது. வூடு வேணுமா, கூம்பு வேணுமா?"

"ஏம்மே, போரு தானா பத்திக்கிமா? எவனாச்சும் பத்த வச்சாதானே பத்திக்கும்? அந்த எவன வராம பண்ணிட்டா முடிஞ்சிச்சி."

அந்த எவன் யாரென்று எங்கள் தெருவுக்கே தெரியும். சாயங்காலமானால் நாலைந்து ஆம்பளைகள் போருக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். பீடி, சிகரெட், சில நாள் பாட்டிலும் உண்டு. குடித்து முடித்த பீடியை எந்தப் பக்கம் வீசுகிறோம் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவர்களில் ஒருத்தருக்கும் கிடையாது. சொல்லிப் பார்த்தோம், திட்டிப் பார்த்தோம், அக்கா ஒருநாள் சாணித் தண்ணியைக்கூடக் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். ஒரு கஜம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், தெருவே நூறுநாள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், இவர் கொல்லைப் பக்கம் போய் மூன்று செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். கக்கூஸ் கட்டியபோது மீந்த செங்கல். போருக்கு அடியில், பாதையைப் பார்த்த மாதிரி, மூன்றையும் வரிசையாக நட்டார். என் அடுப்பங்கரை மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசினார். குங்குமம் வைத்தார். வேப்பிலை ஒரு கொத்து சொருகினார். ஏதோ குறைகிறது என்று யோசித்தவர் கொடியில் காய்ந்த என் மஞ்சள் பாவாடையைக் கிழித்து நடுச் செங்கல்லுக்குச் சுற்றிவிட்டார்.

"யோவ், இன்னாயா பண்ணிகினு கீற?" என்று கத்தினேன்.

"கத்தாத. இனிமே ஒருத்தன் இங்க பீடி குடிப்பான்?"

ஒருத்தனும் குடிக்கவில்லை. சாயங்காலம் சீட்டுக் கட்டோடு வந்தவர்கள் செங்கல்லைப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்கள்தான், மறுநாளிலிருந்து பம்ப்செட் பக்கம் ஜாகையை மாற்றிவிட்டார்கள். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கே எரிச்சலாக இருந்தது. மூளை இருக்கிறவனுக்கு முதுகு வலிக்காது என்று அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் மூன்று தடவை சொன்னார்.

அவர் சந்தோஷம் சரியாக வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெரு அம்முலுவின் சினை ஆடு காணாமல் போனது. ஏரிப் பக்கமெல்லாம் அலைந்துவிட்டு அழுதுகொண்டே பாதையில் வந்தவள் செங்கல்லைப் பார்த்திருக்கிறாள். தாயே, யாராயிருந்தாலும் சரி, என் ஆட்டைக் காட்டிக் கொடு என்று வேண்டிக்கொண்டு நிமிர்ந்தால், எங்கள் போருக்குப் பின்னால் நிழலில் அந்த ஆடு இரண்டு குட்டியை ஈன்றுவிட்டுப் படுத்திருக்கிறது. அம்முலு போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அவள் ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு தேங்காய் மூடி நிறையக் கற்பூரத்தைக் கொண்டுவந்து கொளுத்தினாள். எங்கே? செங்கல்லுக்கு முன்னால். போருக்கு ஒரு சாண் தள்ளி.

ஒரு வைக்கோல் காற்றில் பறந்து அந்த ஜ்வாலை மேலே போய்த் திரும்பி வந்தது. நான் பார்த்தேன், இவரும் பார்த்தார். ஆனால் கொளுத்தாதே என்று இவர் எப்படிச் சொல்வார்?

அந்த வாரத்துக்குள் ஊரே வந்துவிட்டது. ஜுரம் விட்டவர்கள், பரீட்சை எழுதினவர்கள், மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னவர்கள் எல்லாரும் கற்பூரத்தோடு வந்தார்கள். எலுமிச்சம்பழ விளக்கு, ஊதுவத்தி, மாவிளக்கு. பீடியாவது சின்ன நெருப்பு, அதையும் ஆம்பளைகள் மட்டும்தான் கொண்டுவந்தார்கள். உத்திரமேரூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற அத்தாவுல்லா பாய் இவரைப் பார்த்து, "இன்னா மோகனு, உங்க ஊருக்குன்னே கற்பூரம் தனியா எறக்கறேன், எதுனா விசேசமா?" என்று கேட்டாராம். இவர் சீரகம் வாங்கப் போனவர், வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

அம்மனுக்குப் பெயர் வைத்தது பஞ்சாட்சரம். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். விசில் இல்லாமல் வாழ்க்கை வெறிச்சோடிப் போயிருந்தது. போர் அடியில் இருப்பதால் போரடியம்மன் என்று பெயர் வைத்து, கமிட்டி போட்டு, தானே தலைவராகி, தன் போட்டோ பெரிதாகவும் அம்மன் போட்டோ சின்னதாகவும் ஒரு ஃப்ளெக்ஸும் கட்டிவிட்டார்.

அதுவும் போகட்டும். ஒருநாள் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனேன். இரண்டு பிடி பிடுங்குவதற்குள் பஞ்சாட்சரம் ஓடிவந்தார்.

"ஏம்மா வளர்மதி! இன்னா காரியம் பண்ற? அது அம்மன் கூந்தல்மா!"

"எது?"

"போருதான். கீழ முகம், மேல கூந்தல். பாத்தாலே தெரியல? அத்தப் போயி பிடுங்கறியே!"

"மாடு இன்னாத்தத் தின்னும்?"

"அம்மன் பாத்துப்பா."

அம்மன் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். பிறந்த வீட்டுக்குப் போய் அண்ணன் கழனியிலிருந்து பசும்புல் அறுத்துச் சுமந்து வந்தேன். மாடு கறவை பாதியாகக் குறைந்தது. சொந்த வைக்கோல் மலை மாதிரி கண்ணெதிரே நிற்க, அதைத் தொட முடியாமல் மாடு கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு இவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"இப்பவாச்சும் நகத்துயா."

"எப்பிடிமே நகத்தறது? கூந்தலாச்சே."

"அப்ப உண்மைய சொல்லிடு."

"கக்கூஸ் செங்கல்லுக்குக் கற்பூரம் காட்ட வச்சேன்னு சொல்லவா? தோல உரிச்சிடுவானுங்க." அழமாட்டாத குறையாகச் சொன்னார். மூளை, முதுகு என்று பேசின வாய்.

சித்திரை பிறந்து வெயில் ஏறியது. ஏரியில் புல் நடந்தால் நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்தது. அந்த நேரத்தில்தான் பஞ்சாட்சரம் எங்கள் வாசலில் வந்து, சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை போரடியம்மனுக்குத் தீமிதி என்று அறிவித்தார். இரண்டு வண்டி விறகுக்குச் சொல்லியாகிவிட்டதாம். குண்டம் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம். அதாவது போருக்கும் அக்கா குடிசைக்கும் எதிரில்.

இவர் வாசலுக்கே ஓடிவந்தார். "அண்ணே, போர் பக்கத்துல நெருப்பா? காத்து வேற அடிக்கிது. எதுனா ஒண்ணு ஆயிட்டா?"

"அம்மன் எடத்துல இன்னா ஆவும்?"

"அப்பிடியே ஆயிட்டா யாரு பொறுப்பு?"

பஞ்சாட்சரம் கண்டக்டர் பார்வை ஒன்று பார்த்தார். "உன் எடம்தானேப்பா? கூட்டத்துல மொத கை நீதான தூக்கின?"

அக்கா குடிசை எரிந்தால் நாங்கள் கட்டித் தரவேண்டும். எங்கள் வீடு எரிந்தால் யாரும் கட்டித் தரமாட்டார்கள். மாட்டுக் கொட்டகை போருக்கு அடுத்தே இருக்கிறது. நெருப்பு வந்தால் கயிற்றை அவிழ்க்கக்கூட நேரம் இருக்காது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு குடம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மன் சொன்னால் கேட்பார்கள். அம்மன் யார்மேல் வேண்டுமானாலும் வரலாம். என்மேல் வந்தால் என்ன?

அன்றையிலிருந்து ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தெருக்குழாயடியில் பழகினேன். நாக்கைத் துருத்தினேன், கண்ணை உருட்டினேன், தலையை இடப்பக்கமாகச் சுற்றினேன். சுளுக்கிக்கொண்டதும் வலப்பக்கமாகச் சுற்றினேன். என்ன பேசவேண்டும் என்பதைக்கூட வரி வரியாக மனப்பாடம் செய்துவைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கை தூக்கிவிடுவார்.

பந்தக்கால் நடுகிற அன்று ஊரே கூடியிருந்தது. பம்பைக்காரர் வந்து அடிக்க ஆரம்பித்தார். பஞ்சாட்சரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தில் ஒரு குன்று கற்பூரத்தை வைத்துப் பற்றவைக்கப் போனார். இதுதான் நேரம் என்று நான் கொண்டையை அவிழ்த்தேன். மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

"ஏஏஏய்!"

அந்தச் சத்தம் என்னுடையது இல்லை. எனக்கு இடப்பக்கம் நின்றிருந்த எல்லம்மாள் அக்கா தலைமுடி விரிந்து, கண் சிவந்து, ஒரே தாவலாகப் பந்தக்கால் குழிக்குள் போய் நின்றாள். நான் திறந்த வாயை மூடவில்லை.

"எவன்டா அவன்? என் கூந்தலுக்குப் பக்கத்துல நெருப்பு மூட்டறவன் எவன்டா?"

பம்பை இன்னும் வேகமாக அடித்தது. பஞ்சாட்சரம் தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார். "தாயே, இன்னா கொற? சொல்லு தாயே."

"கூந்தல்னு நீதான்டா சொன்ன. உன் பொண்டாட்டி கூந்தல்கிட்ட கற்பூரத்தக் கொளுத்துவியா நீ? ஒடம்பெல்லாம் எரியிது! கற்பூரம் வாணாம், வெளக்கு வாணாம், தீமிதி வாணாம். தண்ணி ஊத்துங்கடா! குடம் குடமா ஊத்துங்க!"

"ஊத்தறோம் தாயே!"

"கூந்தல் கனக்குது. வாரிகினு போய் கழனியில போடுங்க. மாடு தின்னட்டும். வாயில்லா ஜீவன் பட்டினி கெடந்து கத்தறது என் காதுல வுழுவுது. என்னச் சுத்தி ஒரு சருகு கெடக்கக்கூடாது. பாதை ஓரத்து வேலிகாத்தான் முள்ள வெட்டு. ஏரி வரைக்கும் சுத்தமா செதுக்கு!"

"யார் தாயே கூந்தல எடுக்கணும்?"

அக்கா ஒரு சுற்றுச் சுற்றி இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "போர் போட்டவன் எடுக்கணும். ஒத்த ஆளா, தலையில சொமந்து." பிறகு அவர் காதருகே குனிந்து எதையோ சொன்னாள். இவர் சட்டென்று இரண்டு கையையும் கூப்பினார். அப்புறம் சிவந்த கண்ணை என் பக்கம் திருப்பினாள். "இவளும் சொமக்கட்டும். கொண்டய அவுத்துட்டு சும்மா நிக்கிறா."

சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள். விழுவதற்கு முன்னால், பின்னால் ஆள் நிற்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது. சத்தியம் செய்து சொல்ல முடியாது.

ஆபீசர் வந்து ஒரு மணி நேரம் பேசியும் நடக்காத வேலை இரண்டே நாளில் நடந்தது. ஆளுக்கொரு கத்தி, கடப்பாரை, மண்வெட்டி. வேலிகாத்தான் வேரோடு போனது. பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரை தெரியும்படி செதுக்கிவிட்டார்கள். அதிகம் செதுக்கியவர்கள் பழைய சீட்டாட்டக்காரர்கள். பழைய பாவத்துக்குப் பரிகாரமாம். போரை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. அம்மன் ஒத்த ஆள் என்று சொல்லிவிட்டாளே. நானும் இவரும் மட்டும் சுமை சுமையாகத் தலையில் சுமந்து கழனி நடுவில் கொண்டுபோய்க் கொட்டினோம். வழி நெடுக வைக்கோல் கழுத்துக்குள் இறங்கி அரித்தது.

"காதுல இன்னாயா சொன்னா?" என்று மூன்றாவது நடையில் கேட்டேன்.

சுமைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கக்கூஸ் கட்டினதுல இன்னும் எத்தினி செங்கல்லு மீதி கீதுன்னு கேட்டா."

சுமையைக் கீழே போட்டுவிட்டு நான் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "அக்காவுக்கு எப்பிடிமே தெரியும்? அன்னிக்கு தெருவுல ஒரு ஆளும் இல்லியே" என்றார். ரொம்ப நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அக்காவிடமே போய்க் கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எனக்கு இன்னா தெரியும்? நான்தான் நெனவில்லாம கீறேனே."

"அக்கா, சும்மா சொல்லு. நீ பாத்தியா, இல்லியா?"

"அத்த வுடு. நீ ஏன்டி குழாயடியில நின்னுகினு நாக்கத் துருத்தித் துருத்திப் பாத்துகினு இருந்த? எதுனா புண்ணா?"

வந்த வழியே திரும்பினேன்.

அன்றிலிருந்து போரடியம்மனுக்குக் கற்பூரம் இல்லை. ஃப்ளெக்ஸில் பஞ்சாட்சரம் போட்டோவுக்குக் கீழே, இங்கே நெருப்பு கொண்டுவரக் கூடாது என்று புது வரி ஏறியது. வேண்டுதல் எல்லாம் தண்ணீரில்தான். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் காலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நிரப்பின குடங்களையும் வரிசையாக வைத்தார்கள். கத்திரி வெயிலில் ஊரே பொரிந்துகொண்டிருக்க, மூன்று செங்கல்லைச் சுற்றி மட்டும் சேறாகி அருகம்புல் துளிர்த்தது. மாடு வயிறு முட்ட வைக்கோல் தின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கூடவே ஒரு வயிற்றெரிச்சலும் இருந்தது. சுமந்தது நாங்கள், செதுக்கியது ஊர், சொன்னது அக்கா. கும்பிடு மட்டும் செங்கல்லுக்கு.

வைகாசி முதல் வாரம், பகல் பொழுது. மேல்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஏரிக்கு அந்தக் கரையில் எவனோ கரும்புச் சருகைக் கொளுத்தியிருக்கிறான். நான் கொட்டகையில் இருந்தேன். மாடு இரண்டும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. வெளியே வந்து பார்த்தால் ஏரி உள்வாயில் புகை சுவர் மாதிரி எழுந்து வருகிறது. அதற்கடியில் நெருப்பு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், ஓடி வந்துகொண்டிருந்தது. நடந்து வரவில்லை, ஓடி வந்தது. காட்டுப்பன்றிகளும் முயல்களும் அதற்கு முன்னால் ஓடிவந்தன.

ஃபயர் வண்டிக்குப் போன் போட்டார்கள். உத்திரமேரூரிலிருந்து வண்டி வருவதற்கும் நெருப்பு வருவதற்கும் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவர் மாட்டை அவிழ்த்துவிட்டுக் கோணிச் சாக்கை நனைத்து அக்கா கூரைமேல் ஏறினார். ஒவ்வொரு பொறியாக அடித்து அணைத்தார். அக்கா கீழே நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஆளாளுக்கு அம்மனுக்கு வைத்திருந்த குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். எல்லாரும் என்னென்னவோ கத்தினார்கள். சூடு முகத்தில் அறைந்தது, கண் தெரியவில்லை. இவர் கூரைமேல் இருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நெருப்பு பாதை வரைக்கும் வந்தது. செதுக்கின தரைக்கு வந்ததும் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஓரத்திலேயே இங்கும் அங்கும் அலைந்தது, குனிந்தது, புகைந்தது. ஏற்கெனவே இருந்த ஈரத்தோடு நாங்கள் ஊற்றின தண்ணீரும் சேர, பாதைக்கு அந்தப் பக்கமே படுத்துவிட்டது. வேப்பமரத்தில் ஒரு கிளை கருகியதோடு சரி. பழைய இடத்திலேயே போர் நின்றிருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

வண்டி வந்தபோது சாம்பல்தான் மிச்சம். ஆபீசர் இறங்கிச் செதுக்கின தரையைக் கால் வைத்து அளந்து பார்த்துவிட்டு, ரொம்பச் சரியாகப் பண்ணியிருக்கிறீர்கள், யார் ஏற்பாடு என்று கேட்டார். ஐம்பது கை ஒரே நேரத்தில் செங்கல்லைக் காட்டியது. அவர் ஒரு நிமிஷம் நின்றார், பிறகு பூட்ஸைக் கழற்றினார். பஞ்சாட்சரம் அழுதுகொண்டே தேங்காய் உடைத்தார். கற்பூரம் ஏற்றவில்லை, அந்த மட்டும் ஞாபகம் இருந்தது.

கூட்டம் கலைந்தபிறகு இவரைத் தேடினேன். முகமெல்லாம் கரி, புருவம் பொசுங்கி, செங்கல்லுக்கு முன்னால் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். எனக்கு வந்த கோபத்தில் காலாலேயே தட்டி எழுப்பினேன்.

"யோவ், எய்ந்திரு. யாரு முன்னாடி வுழுந்து கும்புட்டுகினு கீற? நம்ம கக்கூஸ் செங்கல்லு. நீ நட்டது. அதுல கட்டியிருக்கறது என் பாவாட."

எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் இருந்த சேற்றைத் துடைத்தார். கோபம் இல்லை அவர் முகத்தில், வெட்கமும் இல்லை.

"தெரியும்மே. எனக்குத் தெரியாதா?" என்றார். "நான் கூர மேல இருந்தப்ப நெருப்பு கிட்ட வந்திச்சே, அப்ப நீ ஒண்ணு கத்தின. இன்னா கத்தின, சொல்லு பாப்போம்?"

அவர் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். 'தாயே போரடியம்மா, எம் புருசன வுட்டுடு' என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஊருக்கே கேட்டிருக்கிறது.